பனிக்கட்டியில் டயர் எப்படிப் பிடிக்கிறது?

கோலாலம்பூரை அடுத்த கெமென்சா மலைப்பாதையின் சேற்றில் ஏடிவி என்ற நான்குசக்கரக் காட்டுவண்டியை ஓட்டிப் பழகிய தம் தம்பி இப்போது கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு பண்ணையில் வேலை செய்வதாகவும், குளிர்காலம் வந்ததும் அதே வகை வண்டி தடித்த ரப்பர் மேடுகள் கொண்ட அதே வகைக் கட்டை டயரோடு நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுவதாகவும் செந்தூல் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். சேற்றில் நன்றாகப் பிடிக்கும் டயர் பனியில் ஏன் கைவிடுகிறது, அதைச் சரிசெய்ய என்ன வழி என்பது அவருடைய கேள்வி.

வெண்பனியும் பனிக்கட்டியும் டயருக்கு இரண்டு வேறு தரைகள். வெண்பனி பெரும்பாலும் சேற்றைப் போலவே நடந்துகொள்கிறது. டயரின் கட்டைகள் அதில் இறங்கி, இடையில் அகப்பட்ட பனியை அழுத்திக் கெட்டியாக்கி, அந்தக் கெட்டிப் பனியை உதைத்து வண்டியை முன்னே தள்ளுகின்றன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: கட்டைகளின் இடுக்கில் அப்பிய சேறு பிடியைக் கெடுக்கும், அப்பிய பனியோ தரையிலுள்ள பனியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிடிக்கு உதவும். எனவே ஆழமான புதுப்பனியில் தம்பியின் டயர் ஓரளவு சமாளித்துவிடும். அவரைத் தத்தளிக்க வைப்பது பெரும்பாலும் அந்தப் பனியின் அடியில் கிடக்கும், அல்லது சக்கரம் சுற்றிச்சுற்றியே மெருகேறிப்போன பனிக்கட்டிதான்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்று கேட்டால், மேலிருக்கும் எடையின் அழுத்தத்தால் அது உருகுகிறது என்று பள்ளியில் படித்த பலர் இன்றும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை ஏறத்தாழ 0.0074 டிகிரிதான் குறையும். 5 பிஎஸ்ஐ காற்றடித்த ஏடிவி டயர் தரையின்மேல் தருவது ஏறத்தாழ அந்த 5 பிஎஸ்ஐ அழுத்தமே, அதாவது ஒரு வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதனால் உருகுநிலை குறைவது ஒரு டிகிரியில் நானூறில் ஒரு பங்கு. உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே கிடக்கும் ஏரிக்கு இது ஒரு பொருட்டே அன்று. பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே நீரை ஒத்த மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே சொன்னார். உராய்வின் வெப்பம் அந்த நீரைப் பெருக்குகிறது என்று பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் 1939இல் காட்டினார்கள். கோலாலம்பூரிலேயே இதைச் சோதிக்கலாம். உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த, 18 டிகிரி உறைகுளிரில் இருந்த பனிக்கட்டி, விரலில் ஒட்டிக்கொள்ளுமே தவிர வழுக்காது. அரை நிமிடம் கழித்து, மேலே நீர் பளபளக்கத் தொடங்கியதும், அதே கட்டி விரலிடுக்கிலிருந்து நழுவி ஓடும். ஏடிவி ஓட்டுபவர்களுக்கும் இதே அனுபவம்தான்: கடுங்குளிரைவிட உருகுநிலையை ஒட்டிய நாள்களே மோசமானவை.

இனி ரப்பரைப் பார்ப்போம். இந்த இடத்தில்தான் எனக்குப் பேச்சு நீளும். ரப்பர் என்பது ஓயாமல் நெளியும் நீண்ட மூலக்கூறு இழைகளின் கூட்டம். தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் புகுந்து, அந்த வடிவத்தை ஏற்று, விடுபடும்போது சிறிது ஆற்றலை வெப்பமாக இழப்பதும், தொட்ட இடத்தில் மூலக்கூறுகள் கணநேரம் ஒட்டிப் பிரிவதுமே அதன் பிடி. இரண்டுக்கும் இழைகள் நெளிய நேரம் வேண்டும். குளிரில் அவை மெதுவாகின்றன. வேகமாகச் சறுக்கும்போது அவற்றுக்குக் கிடைக்கும் நேரமே குறைகிறது. கே. ஏ. குரோஷ் என்ற ஆய்வாளர் 1963இல் வெளியிட்ட ஆய்வில், பலவகை ரப்பர்களை வெவ்வேறு வெப்பநிலைகளிலும் வேகங்களிலும் சறுக்கவிட்டுப் பெற்ற அளவுகளை உரியபடி நகர்த்தி அடுக்கினால், ஒவ்வொரு ரப்பரின் அளவுகளும் அதற்குரிய ஒரே வளைகோட்டில் வந்து அமர்வதைக் காட்டினார். ரப்பரைப் பொறுத்தவரை குளிரைக் கூட்டுவதும் வேகத்தைக் கூட்டுவதும் ஒரே செயல். மிகவும் குளிர்ந்தால் இழைகள் முற்றிலும் அடங்கி, ரப்பர் கண்ணாடியைப் போல இறுகிவிடும். பால்மரத்தின் இயற்கை ரப்பருக்கு அந்த எல்லை உறைநிலைக்கு 70 டிகிரி கீழே. செயற்கை ரப்பரான பாலிபியூட்டாடையீனுக்கு இன்னும் கீழே, ஏறத்தாழ 100 டிகிரியில். குளிர்கால டயரின் பூவில், அதாவது தரையைத் தொடும் மேல்பகுதியில், இந்த இரண்டும் சேருவதற்கு இதுவே காரணம். சேற்றுக்கென வார்த்த டயரோ கல்லும் வேரும் கிழிக்காதபடி விறைப்பாகச் செய்யப்பட்டது. போதாக்குறைக்கு அதன் கட்டைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. பனிக்கட்டியில் அது ஒருசில வழவழப்பான மேடைகளின்மேல் நிற்கிறது.

குரோஷின் அந்த ஆய்வு நடந்தது இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் என்றாலும், அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியது மலாயா ரப்பர் ஏற்றுமதியின்மீது விதித்த தீர்வைப் பணம். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாரின் உழைப்பு அதில் இருக்கிறது. இங்கே 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் அதே வகைத் தீர்வையில்தான் வளர்ந்தது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் இப்போது குவாசா டாமன்சாரா என்ற நகரம் எழுகிறது. வீடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், உடனடிப் பயன் என்னவென்று கேட்காமல் ரப்பர் எப்படிச் சறுக்குகிறது என்று பார்ப்பதற்கு அன்று பணம் ஒதுக்கிய துணிவு இன்று நம்மிடம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

மென்மையான ரப்பரானாலும் நீர்ப்படலத்தின்மேல் நின்றால் பயனில்லை. அதற்காகவே குளிர்கால டயரின் ஒவ்வொரு கட்டையிலும் தாள் செருகும் அளவுக்கு மெல்லிய கீறல்கள் பல இருக்கும். டயர் அழுந்தும்போது கீறலின் விளிம்புகள் நீரை வழித்தெடுக்கின்றன. வழித்த நீர் கீறலுக்குள் ஏறிக்கொள்ள, உலர்ந்த இடத்தை ரப்பர் தொடுகிறது. கீறல்கள் அளவுக்கு மீறினால் கட்டை துவண்டு சாயும்.

உருகுநிலையை ஒட்டிய நாள்களில் இதுவும் போதாது. அப்போது உலோகம் வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு முனைகொண்ட திருகாணிகளைக் கட்டைகளில் இறக்கினால், அவை நீர்ப்படலத்தைத் துளைத்துக் கட்டியையே கீறிப் பிடிக்கும். இளகிய பனிக்கட்டியில் ஆணி நன்றாக இறங்கும். கடுங்குளிரில் கட்டி இறுகுவதால் குறைவாகவே இறங்கும், ஆனால் அப்போது ரப்பரின் பிடி கூடியிருக்கும். ஆணியின் நீளம் கட்டையின் உயரத்துக்குள் அடங்க வேண்டும், கட்டைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தோலில் ஒருபோதும் இறக்கக்கூடாது. இல்லையேல் காற்று போய்விடும். பண்ணை வேலைக்கு மட்டும் மெதுவாக ஓடும் வண்டியென்றால் சங்கிலி போதும், ஆனால் அதைப் பின்சக்கரங்களில் மட்டும் கட்டினால் முன்சக்கரம் திருப்பிய பக்கம் போகாமல் நேரே வழுக்கும்.

காற்றழுத்தம் பற்றித் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 டிகிரி வெப்பமுள்ள கொட்டகையில் 5 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, உறைநிலைக்கு 20 டிகிரி கீழே வெளியில் நிறுத்தினால், டயரில் எஞ்சுவது ஏறத்தாழ 2.3 பிஎஸ்ஐ. அதே குளிரில் காரின் 32 பிஎஸ்ஐ ஏறத்தாழ 25.6 ஆகும். குளிர்வதால் குறைவது வெளிக்காற்றையும் சேர்த்த முழு அழுத்தம் என்பதால், குறைந்த காற்றில் ஓடும் ஏடிவி பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. காற்றுக் குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு கூடி வெண்பனியில் வண்டி புதையாது என்பது உண்மையே. ஆனால் இவ்வளவு குறைந்தால் திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். வண்டியில் ஒட்டியிருக்கும் அழுத்த அளவை, சிறிய அழுத்தங்களுக்கென விற்கும் அளவியைக் கொண்டு, வண்டி வெளிக்குளிரில் நின்று ஆறிய பிறகே அவர் சரிபார்க்க வேண்டும். கார்களுக்கான சாதாரண அளவியில் 2க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு சரியாகத் தெரியாது.