கிணறு இருக்க மீற்றர் ஏன்?

"கிணத்தில தண்ணி நிறையக் கிடக்கு. பிறகேன் தம்பி காசு குடுத்துக் குழாய்த் தண்ணி எடுப்பான்?" வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் வேலை செய்துகொடுப்பது என் தொழில். யாழ்ப்பாணத்தில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. அடுத்தபடியாகக் கேட்பது இதற்கு நேர் எதிரானது: "குழாய்த் தண்ணிக்கு மீற்றர் எடுத்தனாங்கள். பில் ஏறிக்கொண்டே போகுது. வெட்டி விடுவமோ?"

இரண்டு பேருமே கிணறு அல்லது குழாய், இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீடுகளுக்கு இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு வேலை கொடுத்தால் பில்லும் குறையும், உடம்புக்கும் நல்லது. கொழும்பில் தொடர்மாடியில் இருப்பவருக்கு இந்த வாய்ப்பே கிடையாது. நாங்கள் வளவுக்குள் கிணற்றை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தத் தெரியாமல் இருக்கிறோம்.

முதலில் கிணற்றுத் தண்ணீர் இலவசம் என்ற கதையைப் பார்ப்போம். ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் அண்ணளவாக ஒரு அலகு மின்சாரம் போகும். கிணறு அதிக ஆழமில்லாமல் தாங்கி ஒரு மாடி உயரத்தில் இருந்தால், அந்த நேரத்துக்குள் 2,000 லீற்றருக்குக் குறையாமல் மேலே ஏறிவிடும். உங்கள் வீட்டுக் கணக்கு வேண்டுமென்றால் வெறும் தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று மணிக்கூட்டைப் பாருங்கள். 1,000 லீற்றர் தாங்கி நிரம்ப முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால் மோட்டரிலோ பைப்பிலோ கோளாறு இருக்கிறது. ஆகவே இலவசம் என்று சொல்ல முடியாது; ஆனால் மலிவு. 1,000 லீற்றருக்கு அரை மின்னலகுதான்.

பிரச்சினை விலையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. அதைத்தான் அள்ளுகிறோம். மழை இறங்கும் அதே வழியால் தோட்டத்து யூரியாவும் எருவும் இறங்கும், மலசலகூடக் குழியின் கழிவும் இறங்கும். வெங்காயமும் புகையிலையும் செய்யும் செம்மண் பக்கங்களில், உரத்தால் தண்ணீரில் சேரும் நைத்திரேற்று ஒரு தொல்லை. நெருக்கமாக வீடு கட்டிய நகரப் பகுதியில் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இன்னொரு தொல்லை. தீவகத்தில் உப்பு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டில்லை. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ருசியாக இருக்கிறது என்பதெல்லாம் சாட்சி ஆகாது. நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ கிடையாது.

அதனால் மீற்றர் எடுப்பதா இல்லையா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு வாருங்கள் என்பதே. நைத்திரேற்று, உப்புத்தன்மை, மலக் கிருமி, இந்த மூன்றும் போதும். எங்கே கொடுப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் சொல்வார். மாரியில் ஒருதரம், கோடையில் ஒருதரம் பார்ப்பது நல்லது. ஒரே கிணறு இரண்டு காலத்திலும் இரண்டு முகம் காட்டும். மூன்றும் நன்றாக இருந்தால் அவசரப்பட்டு இணைப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஒன்று பிழையென்றாலும் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் வேண்டும். 20 லீற்றர் கான் வாங்கிச் சமாளிக்கும் வீடுகள் நிறைய. அவர்களுக்கு ஒரு கணக்கு: பில்லில் வரும் ஒரு அலகு என்பது 1,000 லீற்றர், அதாவது 50 கான். நீங்கள் 50 கானுக்குக் கொடுக்கும் காசையும் ஒரு அலகின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

இனிப் பில்லுக்கு வருவோம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் சில அலகுகளுக்கு ஒரு விலை, அடுத்த படிக்குக் கூடின விலை, அதற்கு மேல் இன்னும் கூட. மாதாந்தச் சேவைக் கட்டணமும் பாவனை கூடினால் கூடும். விலைகள் மாறிக்கொண்டிருப்பதால் இங்கே எழுதவில்லை. உங்கள் பில்லை எடுத்து எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கடைசிப் படியில் நிற்கும் இரண்டு மூன்று அலகைக் குறைத்தாலே பில் கண்ணுக்குத் தெரியக் குறையும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அந்த மேல் படிதான்.

அதற்கு நான் போட்டுக்கொடுக்கும் அமைப்பு இது. குழாய்த் தண்ணீர் குசினிக்கும் முகம் கழுவும் பேசினுக்கும் மட்டும். கொமட், உடுப்புத் தோய்ப்பு, முற்றம், மரக்கறிப் பாத்தி, வாகனம் கழுவுவது எல்லாம் கிணற்றுத் தாங்கியிலிருந்து. குளியல் உங்கள் விருப்பம். கிணறு உவரென்றால் குழாய், இல்லாவிட்டால் கிணறு. கொமட்டை மட்டும் மாற்றினால் என்ன வரும் என்று கேட்பார்கள். நாலு பேர் உள்ள வீடு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தரம் என்று வைத்தால் 20 தரம். பழைய கொமட் தாங்கி ஒருதரத்துக்கு 9 லீற்றர் விடும். நாளுக்கு 180 லீற்றர், மாதம் ஐந்தரை அலகு வரை. அவ்வளவும் குடிக்கத் தகுந்த தண்ணீர். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024இல் திறந்த நிலையம் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. கடல்நீரைச் சுத்திகரிக்க ஒரு கன மீற்றருக்கு, அதாவது 1,000 லீற்றருக்கு, 3 முதல் 4 அலகு வரை மின்சாரம் செலவாகும். அப்படி எடுத்த தண்ணீரைக் கொமட்டில் ஊற்றுவதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

இரண்டு லைனும் எந்த இடத்திலும் ஒன்றோடொன்று தொடக்கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் மகளின் குடும்பமும். "தம்பி, ஒரு இடமும் ஒழுகேல்லை, சுவரில ஈரமும் இல்லை. பிறகேன் இவ்வளவு பில்?" என்று கூப்பிட்டார். எல்லாப் பைப்பையும் பூட்டச் சொல்லிவிட்டு மீற்றரைப் பார்த்தேன். முகப்பில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொமட் தாங்கிகள் சரி. கூரைத் தாங்கி வழியவில்லை. பிறகுதான் மோட்டரடிக்குப் போனேன். இணைப்பு எடுத்தபோது வேலை செய்தவர் பைப் மிச்சம் பிடிக்க, மோட்டரிலிருந்து மேலே போகும் பைப்பிலேயே ஒரு 'ரீ' (மூன்று வாய் மூட்டு) போட்டுக் குழாய் லைனைப் பொருத்தி, நடுவில் திருகிப் பூட்டும் ஒரு கேற் வால்வு வைத்திருந்தார். வால்வு முழுதாகப் பூட்டுப்படவில்லை. அதைத் தாண்டிவந்த தண்ணீர் 20 அடி மேலே ஏறுவதை விட்டு, லேசான வழியால் மோட்டருக்குள்ளால் கீழே இறங்கிக் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடி நுனியில், தண்ணீர் திரும்பிக் கீழே போகாமல் பிடிக்கும் புட்வால்வு தடுத்திருக்க வேண்டும். அது எப்பவோ பழுது. "முந்தி மோட்டருக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி வாத்துத்தான் போட வேணும். குழாய் எடுத்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லை," என்று ரீச்சர் சந்தோஷமாகச் சொன்னபோதே விஷயம் விளங்கிவிட்டது. சபைத் தண்ணீர்தான் இரவும் பகலும் மோட்டரை நிரப்பி வைத்திருந்தது.

ரீயைக் கழற்றி, இரண்டு லைனையும் பிரித்து, புதுப் புட்வால்வு போட்டதும் சக்கரம் நின்றது. அந்த வீட்டில் நட்டம் காசோடு போய்விட்டது. வீதிக் குழாயில் அழுத்தம் விழும் நேரத்தில் இதே இணைப்பால் கிணற்றுத் தண்ணீர் பிரதான குழாய்க்குள் இழுபட்டுப் போகலாம். பிறகு அயலவர்கள் குடிப்பது உங்கள் கிணற்றை. வீதிக் குழாயிலிருந்து நேரே மோட்டர் போட்டு இழுப்பதும் இதே வகைக் குற்றம். அழுத்தம் காணாது என்றால் ஒரு நிலத்தாங்கி வைத்து அதில் விழவிட்டு, அதிலிருந்து ஏற்றுங்கள்.

ஒழுக்கு அனேகமாக இப்படி மறைந்துதான் இருக்கும். பைப்பால் சொட்டுவதை எல்லோரும் காண்பார்கள். கொமட்டுக்குள் சுவரோடு ஒட்டி இறங்கும் தண்ணீரை யாரும் காண்பதில்லை. கேசரிக்குப் போடும் கலரைக் கொஞ்சம் கொமட் தாங்கிக்குள் கரைத்துவிட்டு, அரை மணித்தியாலம் தண்ணீர் அடிக்காமல் விடுங்கள். கீழே நிறம் வந்தால் உள்ளே வோஷர் போய்விட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் என்ற அளவில் இறங்கினாலே நாளுக்கு 288 லீற்றர், மாதம் எட்டரை அலகு. வோஷரின் விலை ஒரு பிளேன்ரீயும் வடையும் அளவுதான். கூரைத் தாங்கியின் மிதப்பு வால்வு பழுதானால் வழியும் பைப் வழமையாக வீட்டின் பின்பக்கம்தான் இருக்கும். கோடையிலும் ஒரு வாழை மட்டும் கொழுத்து நின்றால் அதற்கு நேர் மேலே பாருங்கள்.

இனி, கூட்டு வளவுகளின் சிக்கல். சீதனமாகப் பிரித்த காணியில் அக்கா ஒரு வீடு, தங்கை ஒரு வீடு, மீற்றர் ஒன்று. மேல்மாடியை வாடகைக்கு விட்டவர்களுக்கும் இதே கதை. இரண்டு குடும்பமும் அளவாகத்தான் பாவிக்கும். ஆனால் மீற்றருக்கு அது ஒரு குடும்பம், ஆகவே பில் மேல் படிக்குப் போய்விடும். விளங்குவதற்கு ஒரு கற்பனை விலை வைப்போம். முதல் 15 அலகுக்கு அலகு 100 ரூபா, அதற்கு மேல் 150 என்று கொள்ளுங்கள். ஆளுக்கு 15 அலகு பாவித்தால் இரண்டு மீற்றரிலும் சேர்த்து 3,000 ரூபா. ஒரே மீற்றரில் 30 அலகு என்றால் 3,750. சேவைக் கட்டணம் மீற்றருக்கு 300, பாவனை கூடிய மீற்றருக்கு 600 என்றால் அது இரண்டு பக்கமும் சமன். வித்தியாசம் மாதம் 750. புது இணைப்புக்கு 30,000 ஆகும் என்றால் 40 மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

ஆனால் எல்லோருக்கும் இது சரிவராது. அம்மா மட்டும் தனியாக ஒரு வீட்டில், மகன் குடும்பம் மற்றதில், இரண்டும் சேர்த்து 12 அலகு என்றால் அதே கற்பனை விலையில் பிரித்து எடுப்பதால் மாதம் 300 ரூபா நட்டம். சேவைக் கட்டணம் இரண்டாகிவிடும். சண்டை வராமல் இருக்க மட்டும் என்றால் உள்லைனில் சொந்தமாக ஒரு சின்ன மீற்றரைப் போட்டு யார் எவ்வளவு என்று பார்த்துப் பங்கிடலாம். பில் குறையாது, மனஸ்தாபம் குறையும். கிணற்றுப் பங்குக்கு நீதிமன்றம் ஏறிய ஊர் இது. 2,000 ரூபாப் பில்லுக்குக் கதைக்காமல் இருக்கும் சகோதரிகளை நான் கண்டிருக்கிறேன்.

பூட்டிய வீடுகள் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகள் கனடாவில், வீட்டைப் பார்க்கச் சொந்தக்காரர் மாதம் ஒருதரம் வருவார். அப்படியானால் மீற்றருக்கு அடுத்த வால்வைப் பூட்டிவிட்டுப் போங்கள். சேவைக் கட்டணம் வரும், ஆனால் உள்ளே பைப் வெடித்தாலும் ஒரு துளி போகாது. நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் வந்து இறங்கினால் அந்த மாதப் பில் ஏறத்தான் செய்யும். அதற்கு மீற்றரைக் குறை சொல்லிப் பயனில்லை. சவருக்குக் கீழே நிமிடத்துக்கு 8 முதல் 10 லீற்றர் போகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் கால் மணித்தியாலம் நிற்பார்கள். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கக் காட்டிக்கொடுங்கள், அதுகளுக்கு அது ஒரு விளையாட்டு.

மீற்றரே பிழை என்று சந்தேகம் வந்தால் முதலில் நீங்களே சோதிக்கலாம். அளவு தெரிந்த 20 லீற்றர் வாளியைப் பத்துத்தரம் நிரப்புங்கள். வேறு பைப் ஒன்றும் திறக்கக் கூடாது. மீற்றரில் கறுப்பு இலக்கங்கள் அலகு, சிவப்பு இலக்கங்கள் லீற்றர்ப் பக்கம். 200 லீற்றருக்குக் கிட்ட ஓடியிருந்தால் மீற்றரில் பிழையில்லை. தண்ணீர் நின்று நின்று வரும் பகுதியில், மறுபடி வரும்போது காற்றுத் தள்ளுப்பட்டும் சக்கரம் சுற்றும்; தண்ணீர் இல்லாத நேரம் வால்வைப் பூட்டி வைத்துக் கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் அது குறையும். வீட்டுக் கேற் பூட்டியிருந்தாலோ நாய் நின்றாலோ வாசிக்க வருபவர் சராசரி போட்டுவிட்டுப் போவார், பிறகு ஒரே மாதத்தில் எல்லாம் சேர்ந்து வரும். மாதம் ஒரே திகதியில் மீற்றரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். முறைப்பாட்டுக்குப் போகும்போது மூன்று மாதப் படமும் வாளிக் கணக்கும் கையில் இருந்தால் மீற்றரைக் கழற்றிப் பரிசோதிக்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம்.