ராபின் எப்போது அழுதான்?

பேட்மேனுக்குப் பக்கத்தில் சிவப்புச் சட்டையும் மஞ்சள் மேலங்கியுமாக ஒரு பையன் தாவிக்கொண்டிருப்பானே, அவன் எப்படி ராபின் ஆனான் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள்கூட அதை ஒரு சாகசத்தின் தொடக்கமாகத்தான் சொல்வார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளோடு வேலை செய்கிற மனநல ஆலோசகர் நான். எனக்கு அந்தக் கதை ஒரு கேஸ் ஷீட் மாதிரிதான் தெரிகிறது.

கதை 1940 ஏப்ரல் தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 38ஆம் இதழில் வந்தது. டிக் கிரேசன் சர்க்கஸ் பையன், அப்பா அம்மாவோடு ட்ரபீஸ், அதாவது உயரத்தில் தொங்கும் கயிற்றூஞ்சல், ஆடுகிறவன். மாமூல் தர மறுத்த சர்க்கஸ் முதலாளிக்குப் பாடம் புகட்ட ஜுக்கோ என்கிற தாதாவின் ஆட்கள் கயிற்றில் அமிலம் தடவிவிட, ஆட்டத்தின் நடுவில் கயிறு அறுந்து பெற்றோர் இருவரும் பையனின் கண்ணெதிரே விழுந்து சாகிறார்கள். கொலைகாரர்கள் பேசுவதை அவன் ஒட்டுக்கேட்டுவிடுகிறான், போலீசிடம் ஓடப் பார்க்கிறான். பேட்மேன் தடுத்து, இந்த ஊரே ஜுக்கோவின் கையில் இருக்கிறது, போனால் உயிரோடு திரும்ப மாட்டாய் என்கிறார், தன் பெற்றோரும் அப்படிக் கொல்லப்பட்டவர்கள்தான் என்று சொல்கிறார். அடுத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சத்தியம், பயிற்சி, முகமூடி. எல்லாம் மொத்தம் சில பக்கங்களுக்குள்.

சவ அடக்கம் எங்கே? அன்றிரவு அவன் எங்கே தூங்கினான்? யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களா? கதையில் இல்லை. காமிக்ஸுக்கு அவ்வளவு இடம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே தாவலை நிஜ வீடுகளிலும் நான் பார்க்கிறேன். காரியங்கள் முடிந்த கையோடு பெரியவர்கள் பிள்ளையின் தோளில் ஒரு பொறுப்பை ஏற்றிவிடுகிறார்கள். "இனி நீதான் தம்பியைப் பார்த்துக்கணும்", "அம்மா முன்னாடி அழக்கூடாது", "அப்பா ஆசைப்பட்ட மாதிரி நல்லா படிச்சுக் காட்டு". எல்லாம் அன்பில் சொல்வதுதான். பிள்ளைக்குக் காதில் விழுவது வேறு: அழுவதற்கான நேரம் முடிந்துவிட்டது, வேலையைப் பார்.

பேட்மேன் செய்தது எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் பல உறவினர்களை விட நன்றாகவே செய்திருக்கிறார். பையன் சொன்னதை நம்பினார். கொலை நடந்ததை மறைக்கவில்லை, விபத்து என்று மழுப்பவில்லை. எனக்கும் இப்படித்தான் நடந்தது என்று சொன்னார், பெற்றோரை இழந்த குழந்தைக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் குழு அமர்வுகளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இருக்க வீடும் தினசரி ஒழுங்கும் கிடைத்தன. ஜுக்கோவைச் சிக்கவைத்த பிறகு, வேண்டுமானால் சர்க்கஸுக்கே திரும்பிப் போகலாம் என்றும் கேட்கிறார். பையன் மறுக்கிறான்: தன் பெற்றோர் இதைத்தான் விரும்பியிருப்பார்கள், தனக்கும் சாகசம் பிடிக்கும் என்கிறான். இந்தப் பதிலைக் கேட்டால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். இறந்தவர்கள் விரும்பியிருப்பார்கள் என்று ஒரு குழந்தை சொல்லும்போது, நீ என்ன விரும்புகிறாய் என்று இன்னொரு முறை, இன்னொரு நாள் கேட்டாக வேண்டும்.

டிக் மாதிரிப் பிள்ளைகளை யாரும் என்னிடம் கூட்டி வருவதில்லை என்பதுதான் சிக்கல். சமத்து, சுறுசுறுப்பு, மார்க் குறையவில்லை, வீட்டில் உதவி செய்கிறான், அப்புறம் என்ன? இந்தப் பிள்ளைகளில் பலர் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறார்கள், துக்கப்படும் எல்லாக் குழந்தைக்கும் சிகிச்சை தேவையில்லை. ஆனால் இருட்டில் தனியாகப் படுக்க மாட்டேன் என்பது, அடிக்கடி வயிற்றுவலி, மிச்சமிருக்கும் பெற்றோர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பதறிப்போவது, இதெல்லாம் சமத்துக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.

கூட்டி வருவது யாரை என்றால் ஜேசன் டாட் மாதிரிப் பிள்ளைகளை. டிக் வளர்ந்து 1984இல் நைட்விங் என்று தனிவழி போய்விட, ராபின் இடத்துக்கு வந்தவன் ஜேசன். முதலில் அவனுக்கும் கிட்டத்தட்ட அதே சர்க்கஸ் கதையைத்தான் கொடுத்திருந்தார்கள். 1987இல் அதை மாற்றித் தெருவில் வளரும் பையனாக எழுதினார்கள், பேட்மேனின் காரிலேயே சக்கரத்தைக் கழற்றப் பார்த்தவன். கோபக்காரன், சொன்ன பேச்சு கேட்காதவன். வாசகர்களில் நிறையப் பேருக்கு அவனைப் பிடிக்கவில்லை. 1988இல் பதிப்பகம் தொலைபேசியில் ஓட்டெடுப்பு நடத்தியது, அவன் சாகலாமா பிழைக்கலாமா என்று. சாகட்டும் என்று 5,343 ஓட்டு, பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டே ஓட்டு வித்தியாசத்தில் பையனின் கதை முடிந்தது (பல வருடம் கழித்து உயிரோடு கொண்டுவந்தார்கள், காமிக்ஸில் அது சகஜம்).

அடக்கமாக இருக்கும் அநாதையைத்தான் நமக்குப் பிடிக்கும். துக்கம் குழந்தைகளிடம் கண்ணீராகவே வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, பல நேரம் அது அடிதடியாக, பொய்யாக, பள்ளியிலிருந்து வரும் புகாராகத்தான் வருகிறது. ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: திடீரென்று முரடாகிப்போன பிள்ளையைத் தண்டிக்கும் முன் அவன் வீட்டில் கடந்த ஓரிரு வருடத்தில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

பாதுகாவலர் என்று பெயருக்கு ஒருவர் இருந்தால் போதாது என்பதற்கும் அதே காமிக்ஸ் உலகில் ஆள் இருக்கிறான். கிரீன் ஆரோ என்கிற வில்வீர நாயகனின் சைட்கிக், அதாவது ராபின் மாதிரித் துணைப் பையன், ஸ்பீடி என்கிற ராய் ஹார்ப்பர், இவனும் அநாதைதான். 1971இல் வந்த கதையில் அவன் ஹெராயினுக்கு அடிமையாகியிருப்பது தெரிய வருகிறது. வளர்த்த கிரீன் ஆரோ நாடு சுற்றப் போய்விட்டார், பையனைக் கவனிக்க ஆளில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் செய்தது என்ன? அடித்து விரட்டினார். போதை விடுபடும் அந்த வேதனை நாட்களில் பையனோடு இருந்தது பிளாக் கேனரி என்கிற பெண். துக்கத்தில் தனித்து விடப்பட்ட பதின்பருவத்தினர் எல்லோரும் போதைக்குப் போவதில்லை, ஆனால் போனவர்களைத் துரத்துவதால் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

குற்ற உணர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழந்தை தானாக அதை வாய்விட்டுச் சொல்லாது. ராபின் கதையின் பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில், கயிறு அறுவதற்கு முன்பே பையன் ஜுக்கோவைக் கூடாரத்தருகே பார்த்துவிடுகிறான். அப்போதே சொல்லியிருந்தால்? இந்த 'சொல்லியிருந்தால்' நான் சந்திக்கும் குழந்தைகளில் ஏராளமானவர்களிடம் உண்டு. அன்று காலை அம்மாவோடு சண்டை போட்டேன், அதனால்தான். சாக்லேட் கேட்டு அடம்பிடித்தேன், அதை வாங்கப் போனபோதுதான். சின்ன வயதில் தன் எண்ணமே ஒன்றை நடத்திவிடும் என்று நம்புவது இயல்பு. ஆகவே பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்: நீ செய்த எதனாலும், நினைத்த எதனாலும், சொன்ன எதனாலும் இது நடக்கவில்லை. ஒரு தடவை சொன்னால் போதாது.

அதேபோல 'தூங்குகிறார்', 'தூரமாகப் போயிருக்கிறார்' வேண்டாம். தூங்குகிறார் என்று கேட்ட பிள்ளை தூங்கவே பயப்படும், போயிருக்கிறார் என்று கேட்டது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வர மாட்டார் என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தை தலையாட்டிவிட்டு மறுநாள் எப்போது வருவார் என்று கேட்கும், இனி வரவே முடியாது என்பது அந்த வயதில் முழுதாகப் பிடிபடுவதில்லை. திரும்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போனால் அது அலட்சியமில்லை, குழந்தைகள் துக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் தாங்குவார்கள்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்? 2022இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநோய்க் கையேடு, தொடர்ந்து வாட்டும் துக்கத்தை நோயாகக் கணிக்கப் பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம் என்று வைத்திருக்கிறது. அது நோய்க்கணிப்புக்கான கணக்கு, உதவி கேட்பதற்கான காத்திருப்புக் காலம் அல்ல. நானும் அவரோடு போய்விட வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அன்றே வாருங்கள். மரணத்தை நேரில் பார்த்த குழந்தை அந்தக் காட்சியையே கனவில் கண்டு அலறினாலும் தள்ளிப்போடாதீர்கள், அதிர்ச்சிக்கான சிகிச்சை வேறு, அதைத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும்.

கடைசியாக மூன்றாவது ராபின். 1989இல் அறிமுகமான டிம் டிரேக். ஜேசன் செத்தபின் பேட்மேன் மூர்க்கமாகிக்கொண்டே போவதைத் தூரத்திலிருந்து கவனித்த பையன், இவருக்கு ஒரு ராபின் தேவை என்று தானே தேடி வருகிறான். ரசிகர்களுக்கு இது பிடித்த கதை, எனக்கு உறுத்தலான கதை. ராபின் உருவானதே பேட்மேனுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும் என்றுதான், பேட்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான எழுத்தாளர் பில் ஃபிங்கர் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். மனைவியை இழந்த அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுத்து, அவர் தூங்கியதும்தான் தூங்கப் போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் நான் முதல் அப்பாயின்ட்மென்டைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, அப்பாவுக்குத்தான் கொடுக்கிறேன்.