வீடு விக்கறதுக்கு வாங்கறவர் இனம் எதுக்கு?

சிங்கப்பூர்ல வீவக (அரசாங்கத்தோட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஹெச்டிபி) வீடு வாங்கவோ விக்கவோ ஏஜன்ட்டப் பாத்தீங்கன்னா விலை பேசறதுக்கு முன்னாடியே "ஐசியில (அடையாள அட்டையில) என்ன இனம் போட்டிருக்கு"ன்னு கேப்பாரு. புதுசா வந்தவங்களுக்கு சுருக்குன்னு இருக்கும், ஆனா அவர் கேக்கறது ரூல்படி தான். இன ஒருங்கிணைப்புக் கொள்கைன்னு பேரு, 1989 மார்ச் 1லேர்ந்து நடைமுறையில இருக்கு.

80கள்ல பெடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரங்க, ஹவ்காங் பக்கம் சீனங்கன்னு தனித்தனியா சேர ஆரம்பிச்சாங்க. 1964 சீனர்-மலாய் கலவரத்தப் பாத்த ஊராச்சே, இனத்துக்கொரு பேட்டை ஆயிடுமோன்னு பயம். அதத் தடுக்கத் தான் இந்தக் கொள்கை, அப்ப தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், நம்மாளு தான்.

கணக்கு என்னன்னா ஒரு புளோக்ல சீனர் 87%, மலாய் 25%, இந்தியரும் மத்தவங்களும் சேந்து 15%, இதத் தாண்டக்கூடாது. பேட்டை முழுசுக்கும் 84, 22, 12. வரம்பு நிரம்பிட்டாலும் அதே இனத்துக்காரர் விக்கற வீட்ட வாங்கலாம், ஏன்னா கணக்கு மாறாது. கலப்புக் கல்யாணம்னா ரெண்டு பேர்ல யாரோட இனத்தயும் காட்டலாம். சென்னையிலேர்ந்து வந்து பிஆர் (நிரந்தரவாசி) ஆனவங்களுக்கு இதுக்கு மேல தனியா இன்னொரு வரம்பு உண்டு, புளோக்ல 8% பேட்டையில 5%, ஈப்போவுலேர்ந்து வந்த பிஆருக்கு அது கிடையாது, மலேசியர்ங்கறதால.

இதால நல்லது நடந்திருக்கான்னா நடந்திருக்கு. எங்க புளோக் கீழ போன சனிக்கிழம மலாய்க் கல்யாணம், அதே எடத்துல இந்த வாரம் சீனர் சாவு, தீவாளிக்கு எதிர்வீட்டு சீன ஆண்ட்டி முறுக்கு எப்ப வரும்னு அவங்களே வந்து கேப்பாங்க.

ஆனா அடி யாருக்குன்னா விக்கற சிறுபான்மைக்காரங்களுக்கு. எங்க சித்தப்பா புளோக்ல சீனர் வரம்பு ஃபுல். ஒரு சீனக் குடும்பம் ரெண்டு தடவ வந்து அடுப்படி வரைக்கும் அளந்து பாத்துட்டுப் போச்சு, விக்க முடியல. நாட்டுல முக்காவாசிப் பேர் சீனர், அவ்ளோ பேருக்கும் கதவ சாத்திட்டா மிச்சம் இருக்கறவங்க கேக்கற விலைக்குத் தான் குடுக்கணும். ஏழு மாசம் கழிச்சு வெல கொறச்சுத் தள்ளினாரு. 2022 மார்ச்சுல, உண்மையிலயே விக்க முடியாம தவிக்கறவங்க வீட்ட வீவகவே வாங்கிக்கும்னு அறிவிச்சாங்க, எல்லாருக்கும் இல்ல, கேஸ் கேஸா பாப்பாங்க.

இன்னொண்ணு, வாடகைக்கு ரூம் தேடும்போது "இந்தியர் வேண்டாம், சமையல் வாசன"ன்னு சொல்றாங்களே, அதுக்கும் இந்தக் கொள்கைக்கும் சம்பந்தமே இல்ல, இது தடுக்காது.

வாங்கறவங்களோ விக்கறவங்களோ, ஆப்ஷன் பணம் (வீட்ட நமக்குப் பிடிச்சு வெக்க விக்கறவருக்குக் குடுக்கற முன்பணம், 1,000 சிங்கப்பூர் வெள்ளி வரைக்கும் கேக்கலாம்) கை மாறறதுக்கு முன்னாடி வீவக வெப்சைட்ல புளோக் நம்பர் போட்டுப் பாத்துடுங்க. மாசாமாசம் 1ஆம் தேதி அந்தக் கணக்கு மாறும், போன மாசம் ஓகேன்னு காட்டின ஸ்கிரீன்ஷாட்ட வெச்சுக்கிட்டு ஏஜன்ட் கிட்ட சண்ட போடாதீங்க.