ஃப்ரீ பாடம் எண்டா சும்மா இருக்கிற பாடம் இல்ல

திரும்பவும் ஒரு புது டீச்சர் இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கா. விடியவே எழும்பி குருமண்வெளியில மட்டக்களப்பு வாவியக் கடக்கிற படகுப் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் போய்ப் படிப்பிக்கிற பிள்ளை, அதால தூரம் தாங்காமத்தான் ஓடுறா எண்டு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. ஆசிரிய ஆலோசகரா நான் போய் அவட டைம்டேபிளப் பாத்தா, கல்வியியற் கல்லூரியில கணிதம் படிச்சு வந்தவவுக்கு விஞ்ஞானமும் குடுத்து, சுகாதாரமும் குடுத்து, ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) வகுப்புப் பொறுப்பையும் தலையில கட்டியிருக்கு. வகுப்பில்லாமக் கிடைக்கிற ஃப்ரீ பாடத்திலயும் றிலீஃப், அதுதான் வராத டீச்சர்ட வகுப்பப் பாக்கிற வேலை. தூரமாம் தூரம்!

"சும்மாதானே இருக்கீங்க டீச்சர், அந்த வகுப்பக் கொஞ்சம் பாருங்க" எண்டு சொல்றதக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். சும்மாவா? 40 பிள்ளைகள்ட கொப்பி, ஒண்டுக்கு 3 நிமிஷம் எண்டாலும் 2 மணித்தியாலம், ஒரு பாடம் 40 நிமிஷம் எண்டு வச்சா ஒரு வகுப்புக் கொப்பிக்கே 3 ஃப்ரீ பாடம் போயிடும், நாளைய பாடத்துக்கு ஆயத்தம் பண்றது, விளங்காத பிள்ளையக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுக்கிறது எல்லாம் இன்னும் கணக்கில வரல்ல. ஃப்ரீய எடுத்தா அந்த வேலை ராவைக்கு வீட்டுக்குப் போகும், இல்லாட்டி செய்யாமலே கிடக்கும். வாசிக்காம பக்கத்துக்குப் பக்கம் சரி போட்ட கொப்பிகள் எவ்வளவோ பாத்திருக்கன். டீச்சர ஏசுறதுக்கு முதல் அவட டைம்டேபிள எடுத்துப் பாருங்க.

செமினார் வச்சாச் சரியாகிடும் எண்டு நினைக்கிற எங்கட ஆக்களுக்கும் இது விளங்கோணும். படிச்சத வகுப்பில செஞ்சு பாக்க நேரமில்லாதவவுக்கு இன்னொரு ஃபைல் என்னத்துக்கு? அமெரிக்காவில ரிச்சர்ட் இங்கர்சால் 2001ல எழுதின ஆய்விலயும், டீச்சர்மார் விட்டுட்டுப் போறதுக்குச் சம்பளத்தோட சேத்து நிர்வாகத்திட ஆதரவு இல்லாததும், முடிவெடுக்கிற இடத்தில அவங்கட பேச்சு எடுபடாததும் காரணமா வருது. இஞ்ச மட்டும் வேற மாதிரியா இருக்கப்போகுது?

அதிபர்மாரே, றிலீஃப் லிஸ்ட்ட எல்லாருக்கும் பிரிச்சுப் போடுங்க, வாய் பேசாத புதுசுகள்ட தலையிலயே போடாதீங்க. முதல் வருஷம் ஓஎல் வகுப்புப் பொறுப்பு குடுக்கவே வேணாம். அதே பாடம் படிப்பிக்கிற மூத்த டீச்சரோட கிழமைக்கு ஒரு பாடமாவது புது டீச்சர ஒண்டா இருக்க விடுங்க, மூத்தவட வகுப்பில பின்னால இருந்து பாக்கட்டும். பூட்டு வேலை செய்ற, தண்ணி வாற டொய்லட் ஒண்டு பெண் டீச்சர்மாருக்கு வேணும், இதயெல்லாம் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கே. ராவு 10 மணிக்கு வாட்ஸ்அப்பில விபரம் கேக்கிற ஆக்களே, அந்த விபரம் போன தவணையே தந்தது, உங்கட ஃபைல்லயே பாருங்க. பெற்றாரும் கேட்டில மறிச்சு ஏசாம, ஒரு நேரம் கேட்டு வந்து கதையுங்கோ.

அடுத்த தவணை டைம்டேபிள் போடேக்க, சுவரில ஒட்டுறதுக்கு முதல் ஒருக்கா டீச்சர்மார்ட குடுத்துக் கேளுங்க. கெஞ்சிக் கேக்கிறன், ஒரு ஸ்டாஃப் மீட்டிங் நேரம் போதும்.