சட்டம் முடித்தாயிற்று, அடுத்து என்ன? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பட்டதாரிகளுக்கு

சட்டப் படிப்பு முடித்த பிள்ளையிடம் ஊரில் கேட்கும் கேள்வி இரண்டுதான். "எந்த சீனியர்கிட்ட சேரப் போற?" "ஜட்ஜ் எக்ஸாம் எப்ப?" இந்த இரண்டையும் தாண்டி எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. எத்தனை ஆண்டு தொழில் செய்தீர்கள், அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்பார்கள். ஆகவே பார் கவுன்சிலில் பதிவு செய்யும் நாளிலிருந்தே காகிதங்களில் கவனம் வேண்டும்.

முதலில் பதிவுக் கட்டணம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை மட்டும் தனி. பணமில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அடுத்தது அகில இந்திய பார் தேர்வு. நூறு கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டு போகலாம். பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் தேறிவிட வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் உரிமைக்கே சிக்கல் வரும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பதிவு செய்த கையோடு வீட்டுக் கஷ்டத்துக்காக ஏதாவது கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்கிறார்கள், அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவிப்பதில்லை. பார் கவுன்சில் விதி 49-இன்படி முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் தொழில் செய்ய முடியாது. வேலையில் சேர்வதை எழுத்தில் தெரிவித்து, சன்னதை, அதாவது தொழில் செய்யும் உரிமத்தை, நிறுத்தி வைக்க வேண்டும், திரும்பி வரும்போது மீண்டும் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். மறைத்தால், வருங்கால வைப்பு நிதிக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். நீதிபதித் தேர்வுக்கு விண்ணப்பித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும்போது அப்படி வேலை பார்த்த காலத்தை அனுபவமாகக் காட்ட வழியிருக்காது.

அந்த அனுபவக் கணக்கு இப்போது முன்னைவிட முக்கியம். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் கொண்டுவந்தது. பார் தேர்வில் தேறும் முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அனுபவம் கணக்காகும், நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் சேரும் என்றது அத்தீர்ப்பு. நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் சான்று தரலாம். அல்லது பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, அதை மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் ஏற்பு செய்ய வேண்டும். எனவே ஆஜரான வழக்குகளின் எண், நீதிமன்றம், தேதி, உங்கள் பெயர் உள்ள வக்காலத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில், ஒரு கோப்பில் வைத்திருங்கள். சீனியர் பெயரிலேயே எல்லா வக்காலத்தும் போய்க்கொண்டிருந்தால், உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் இத்தேர்வின் முதன்மைக் கட்டத்தில் மொழிபெயர்ப்புத் தாளும் உண்டு. சட்டத் தாள்களுக்கே நேரத்தைச் செலவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். தினமும் ஒரு சாட்சி வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கிப் பழகினாலே போதும்.

அரசு உதவி வழக்கு நடத்துநர், அதாவது ஏ.பி.பி. பணிக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு தொழில் கேட்கிறார்கள். அதுவரை என்ன செய்வது என்பவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம் உண்டு. தலைமைப் பொறுப்புக்குப் பத்து ஆண்டு, துணைக்கு ஏழு ஆண்டு அனுபவம் வேண்டும். உதவிப் பொறுப்புக்கோ மூன்று ஆண்டு வரை அனுபவமுள்ளவர்களே போதும். தனி வழக்கு எடுக்க முடியாது என்பது நிபந்தனை. ஆனால் ரிமாண்டு, ஜாமீன், குறுக்கு விசாரணை என்று அங்கே ஒரே ஆண்டில் கிடைக்கும் பழக்கம் பல சேம்பர்களில் கிடைக்காது. சிவில் பக்கம் போகும் எண்ணமில்லாதவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

ஜூனியர்களின் சம்பளம் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் மாத உதவித்தொகை வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. அந்த அக்டோபரில் வந்த இந்திய பார் கவுன்சில் சுற்றறிக்கை அதைக் கட்டாயமாக்கவில்லை, பரிந்துரையாகவே வைத்தது. பஸ் சார்ஜுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டைக் கேட்கும் நிலை ஒரு ஜூனியருக்கு இருக்கவே கூடாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளைத் தொழிலை விட்டே விரட்டுவது இதுதான். சேரும் முன்பே சீனியரிடம் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

வேலூர்ப் பக்கத்தில் ஜூனியர்களுக்குச் சீக்கிரம் வருமானம் தரக்கூடியது, வங்கிக் கடனுக்கான சொத்து ஆவணப் பரிசோதனை. வங்கிப் பேனலில் சேரச் சில ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதுவரை பேனலில் இருக்கும் சீனியருக்குச் சொத்துரிமை பற்றிய கருத்துரை வரைந்து கொடுத்துப் பழகலாம். மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்த்து, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று போடுவது வழக்கம்.

தவறு நடப்பது பெரும்பாலும் சர்வே எண்ணில். 112/3 என்றிருந்த நிலம் உட்பிரிவாகி 112/3ஏ2 ஆகியிருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் 'வில்லங்கம் இல்லை' என்றே வரும், பழைய எண்ணில் ஓர் அடமானம் உட்கார்ந்திருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தேட வேண்டும். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் அந்தந்தக் காலத்துக்கு அந்தந்த அலுவலகத்தில் தேட வேண்டும். நிலுவையிலுள்ள வழக்கும் பதிவு செய்யாத உயிலும் வில்லங்கச் சான்றில் தெரியாது. பூர்வீகச் சொத்தில் 2004 டிசம்பர் 20-க்குப் பிந்தைய பாகப்பிரிவினை என்றால் மகள்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கிராம நில விவரங்கள் உள்ள 'ஏ' பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் எடுத்து, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, கோயில் அல்லது வக்ஃப் நிலமா என்று உறுதி செய்யாமல் 'தெளிவான உரிமை' என்று எழுதவே எழுதாதீர்கள். சதி இல்லாத வெறும் கவனக்குறைவுக்காக வழக்கறிஞரைக் குற்றவாளியாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் நாராயண ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வங்கிகளின் எச்சரிக்கைப் பட்டியலில் ஒரு முறை பெயர் ஏறிவிட்டால் அந்த வேலை போனதுதான். இதே வேலையை மாதச் சம்பளத்தில் விரும்புவோருக்குப் பொதுத்துறை வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். சட்ட அதிகாரித் தேர்வு இருக்கிறது. வயது 20 முதல் 30 வரை, வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கும் சட்டம் தெரிந்த ஆள் தேவை. பாலாற்று மாசு பற்றிய 1996-ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். ஆனால் ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையைக் கையில் கொடுத்து, இதில் எந்த நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அனுமதித்த உற்பத்தி அளவு, கழிவுநீர் அளவு, பொதுச் சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர் விவரம், இசைவு முடியும் தேதி, இந்த நான்கையும் முதலில் படியுங்கள். வாரிய உத்தரவுக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். ஆலை தரப்பிலும் வேலை உண்டு, பாதிக்கப்பட்ட விவசாயி தரப்பிலும் உண்டு. இரண்டாவது தரப்பில் ஆள் மிகவும் குறைவு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், ஷூ கம்பெனிகளின் மனிதவளப் பிரிவுக்கு அவற்றைப் படித்து விளக்கக்கூடியவர்கள் உடனடியாகத் தேவைப்படுகிறார்கள்.

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை விபத்துகளால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் இங்கே ஏராளம். இவற்றைத் தாக்கல் செய்ய 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தாலும், கெடுவுக்குள் தாக்கல் செய்வதே கட்சிக்காரருக்குப் பாதுகாப்பு.

கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உள்ள மாவட்டத்தில், ராணுவத்தின் ஜாக் எனப்படும் சட்டப் பிரிவைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது வருத்தமாக இருக்கிறது. ஆண், பெண் இரு பாலரும் சேரலாம். திருமணமாகாதவராகவும், 21 முதல் 27 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும், சட்டப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். தனி எழுத்துத் தேர்வு கிடையாது. எல்.எல்.எம். சேர்க்கைக்கான கிளாட் முதுநிலைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். எல்.எல்.எம். படிக்கப் போவதில்லை என்று கிளாட் எழுதாமல் விடுபவர்களுக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது. ஆகவே கடைசி வருடம் படிக்கும்போதே கிளாட் முதுநிலைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.