பெட்ரோல் போதுமா என்று மட்டும் பார்க்காதீர்கள்

சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வாங்கிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "கம்பெனி இசியூவைத் தொடாதீங்க, பெட்ரோலை மட்டும் கூட்டிக் கொடுத்துடுங்க." பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தம், ஐந்து, ஆறு பிஎஸ்ஐக்குள் என்றால் செய்யலாம். ஆனால் இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், ஒரே காற்றளவைப் பார்த்துத்தான் பெட்ரோலையும் தீர்மானிக்கிறது, பொறி எப்போது விழ வேண்டும் என்பதையும் (டைமிங்) தீர்மானிக்கிறது. பலரும் முதல் பாதியை மட்டும் சரிசெய்துவிட்டு வண்டியை எடுத்துப் போகிறார்கள்.

பழைய மாஸ்டா மியாட்டா காரை எடுத்துக்கொள்வோம். 1990–93 மாடல், 1.6 லிட்டர். உள்ளே போகும் காற்றை அளக்கும் அதன் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள் ஒரு தட்டு இருக்கும். காற்று தள்ளத் தள்ளத் திறக்கும். முழுக்கத் திறந்த பிறகு எவ்வளவு காற்று போனாலும் இசியூவுக்குத் தெரியாது. ஆறு பிஎஸ்ஐ என்றால் கணக்குப்படி 40 சதவீதம் அதிகக் காற்று. சூட்டில் விரிவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். 6000 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்கு இருப்பதே 20 மில்லி செகண்ட். ஏற்கெனவே 16, 17 மில்லி செகண்ட் திறந்திருக்கும் இன்ஜெக்டரில் இனி கூட்ட இடம் எங்கே?

அதனால்தான் அந்தக் கால கிட்டுகளில் பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தை அதைப்போலப் பல மடங்கு ஏற்றும் ரெகுலேட்டரைக் கொடுத்தார்கள். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் மாட்டினால் முடிந்தது வேலை. சிக்கல், அழுத்தம் இரண்டு மடங்கானாலும் பெட்ரோல் 41 சதவீதம்தான் கூடும். அதற்கே, 43 பிஎஸ்ஐயில் ஓடிய ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) 90-ஐத் தாண்ட வேண்டும். பழைய பம்ப் அங்கே கைவிரித்துவிடும். பெரிய பம்ப் போட்ட ஒரு வண்டியிலும் 5000 ஆர்பிஎம்முக்கு மேல் பெட்ரோல் அழுத்த மீட்டரின் முள் சரிந்துகொண்டே வந்தது. பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 11 வோல்ட்கூட வரவில்லை! மெல்லிய கம்பெனி வயரை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தடித்த வயர் இழுத்ததும் முள் சரியாமல் நின்றது. பம்பைக் குறை சொல்லும் முன் வோல்ட்டைப் பாருங்கள்.

இந்த ரெகுலேட்டர் முறையில் மிதமான பூஸ்ட்டில் வண்டி கறுப்புப் புகை கக்கும். தட்டு இன்னும் முழுதாகத் திறக்காத நேரம் அது. இசியூவும் பெட்ரோல் கூட்டும், ரெகுலேட்டரும் கூட்டும். அழகில்லை, ஆனால் இன்ஜினுக்கு ஆபத்து குறைவு.

எனக்குப் பயம் தருவது இரண்டாவது வழி. பெரிய இன்ஜெக்டர் போட்டு, காற்றளவு சிக்னலைக் குறைத்துக் காட்டும் ஒரு பெட்டியை நடுவில் வைப்பார்கள். காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் வைடுபேண்ட் மீட்டரில் 12-க்கு 1 என்று அழகாக நிற்கும், ஓனருக்கும் சந்தோஷம். ஆனால் காற்று குறைவு என்று நம்பிய இசியூ, லோடும் குறைவு என்று நினைத்து டைமிங்கை முன்னே தள்ளிவிடும். பூஸ்ட்டில் பின்னே இழுக்க வேண்டிய டைமிங் அது. கலவை சரி, ஆனால் நாக்கிங்கும் (சிலிண்டருக்குள் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) உண்டு. சூப்பர்சார்ஜரின் இரைச்சலில் அது காதில் விழாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள், நடுவே மினுக்கும் அலுமினியத் துகள் தெரிந்தால் பிஸ்டன் கரைய ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, பாதி ஆக்சிலேட்டரிலேயே பூஸ்ட் தரும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர்களில் இசியூ இன்னும் ஆக்சிஜன் சென்சார் சொல் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கூட்டிய பெட்ரோலைக் குறைத்து, கலவையைச் சாதாரண ஓட்டத்துக்கான 14.7-க்கு 1 என்ற அளவுக்கு இழுக்கப் பார்க்கும். ஆகவே முழு ஆக்சிலேட்டரில் மட்டும் சோதித்தால் போதாது. மேடேறும்போது, நான்காம் கியரில், பாதி மிதியில் மீட்டரைப் பாருங்கள்.

டைமிங்குக்குத் தோராயக் கணக்கு, ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி குறைப்பு. மியாட்டாவில், கேம்ஷாஃப்ட்டின் நிலையை இசியூவுக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாரைக் கையால் திருப்பியே குறைக்கலாம். ஆனால் பூஸ்ட் இல்லாத நேரத்திலும் குறைந்து வண்டி சோம்பலாகிவிடும். பூஸ்ட் வரும்போது மட்டும் பின்னே இழுக்கும் தனிப் பெட்டி கிடைக்கிறது. இன்ஜெக்டர் பட்ஜெட் போடும்போதே அதற்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.