கர்நாடக இசைக்குத் தனி இடம் எதற்கு? ஆப்பில் தோடியைத் தேடிப் பாருங்கள்

"இசைன்னா இசைதானே, கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும் எதுக்குத் தனிப் பிரிவு, தனி ஆப்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் இளையராஜாவிலும் ரஹ்மானிலும் ஊறியவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தனி இடம் என்ற பேச்சு நம் ஊரில் யாரை உள்ளே விடுவது, எந்த மொழியில் பாடினால் மதிப்பு என்ற கணக்காகப் போனதெல்லாம் தெரிந்த கதை. 1943-ல், கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கும் இடம் வேண்டும் என்று தமிழிசைச் சங்கம் என்ற ஒன்றைத் தொடங்க வேண்டிவந்ததே அந்தக் கணக்கின் மேல் இருந்த மனவருத்தத்தில்தான். எனவே, கர்நாடக இசை உசத்தி, அதனால் அதற்குத் தனி இருக்கை வேண்டும் என்று யாராவது சொன்னால் நானும் எழுந்து போய்விடுவேன்.

ஆனால் தனி இடம் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். காரணம் வேறு.

என் தொழில், கச்சேரி ஒலிப்பதிவுகளை வாங்கிச் சரிபார்த்து, பாட்டுக் கேட்கும் ஆப்களுக்கு அனுப்பிவைப்பது. சங்கீதம் பத்துப் பங்கு என்றால் குமாஸ்தா வேலை தொண்ணூறு பங்கு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளக் குறியீடு, பாட்டின் பெயர், ஆல்பத்தின் பெயர், கலைஞர் பெயர் என்று படிவம் நிரப்ப வேண்டும். இந்தப் படிவம் மூன்று நாலு நிமிஷப் பாட்டுக்காகச் செய்தது. சினிமாப் பாட்டு அதில் அழகாக உட்கார்ந்துவிடும்: ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், அப்புறம் இசையமைப்பாளர், பாடகர், முடிந்தது. எந்தப் படம் என்று தெரிந்தால் பாட்டு கிடைத்துவிடும். அதாவது சினிமா இசைக்கு ஏற்கெனவே தனி இடம் கொடுத்தாகிவிட்டது; யாரும் அதைத் தனி இடம் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கச்சேரி கேட்பவர் அப்படித் தேடுவதில்லை. இன்றைக்குத் தோடி ராகம் கேட்க வேண்டும்போல இருக்கிறது என்று உட்காருவார். தியாகராஜருடைய தோடியா, சியாமா சாஸ்திரியுடையதா, பாபநாசம் சிவனுடையதா என்பது அடுத்த கேள்வி. யார் பாடியது, வயலின் யார், மிருதங்கம் யார், எந்த வருஷத்துக் கச்சேரி என்பதெல்லாம் அதற்கும் அடுத்தது. ஒரே பாடகர் ஒரே கிருதியை (கச்சேரிப் பாட்டை) இருபத்தைந்து வயதில் பாடியதும் அறுபதில் பாடியதும் இரண்டு வேறு அனுபவங்கள். ஒன்று எட்டு நிமிஷம் இருக்கும், இன்னொன்று ஆலாபனை (சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), ஸ்வரம் (ச ரி க ம என்று கற்பனையாகப் பாடுவது), தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தொடும். படிவத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கலைஞர்.

இதில் ராகத்துக்கென்று ஒரு கட்டம் பெரும்பாலும் கிடையாது. தாளத்துக்கும் கிடையாது. பாட்டின் பெயருக்குப் பின்னால் ஒட்டவைக்க வேண்டியதுதான். ஒட்டவைக்கும்போது, ஆங்கில எழுத்தில் தோடிக்கு ஒருவர் எச் போடுவார், ஒருவர் போடமாட்டார். இன்னொருவர் ஹனுமத்தோடி என்று முழுசாக எழுதுவார். தேடுகிறவர் எதை அடித்தாலும் பாதிதான் வரும். வருவதிலும் இந்துஸ்தானியின் தோடி கலந்து வரும். பெயர்தான் ஒன்று, அந்த ராகம் நம் சுபபந்துவராளி ராகத்துக்குப் பக்கத்து வீடு. பைரவியிலும் இதே கூத்து: நம் பைரவி வேறு, வடக்கத்திய பைரவி வேறு.

இத்தனைக்கும் இது தீராத பிரச்சினை இல்லை. பழைய எல்பி ரெக்கார்டு உறையைத் திருப்பிப் பாருங்கள், பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர்கள் எல்லாம் அச்சடித்திருக்கும். கேசட் காலத்து ரசிகர்கள் இன்னும் மோசம் (நல்ல அர்த்தத்தில்தான்!), வானொலிக் கச்சேரியைப் பதிவுசெய்து, உள்ளே இருக்கும் அட்டையில் பொடி எழுத்தில் தேதி உட்பட எழுதிவைத்திருப்பார்கள். அதற்கும் முன்னால் போனால், 1902-ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பதிவுசெய்த ரெக்கார்டுகளில், பாட்டு முடிந்ததும் அவரே ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். தட்டு ஜெர்மனியில் அச்சாகி வர வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. ஒலிக்குள்ளேயே விவரத்தை வைத்து அனுப்பினார்கள். இன்றைக்குக் கையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாம் பின்னால் போயிருக்கிறோம்.

அடி அதிகம் விழுவது பக்கவாத்தியக்காரர்களுக்கு. கச்சேரியில் வயலின்காரர் வெறும் துணை இல்லை. பாடகரின் ஆலாபனைக்குப் பிறகு தன் பங்குக்கு ஓர் ஆலாபனை வாசிக்கிறார், ஸ்வரத்துக்கு ஸ்வரம் பதில் சொல்கிறார். தனி ஆவர்த்தனத்தில் பாடகர் வாயையே திறப்பதில்லை. ஆனால் ஆப்பில் அந்தப் பதிவு பாடகர் பெயரில்தான் நிற்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த கச்சேரிகளைத் தேடிக் கேட்கிற மிருதங்க மாணவர்கள் எத்தனையோ பேர். பாடகர் பெயரை வைத்துச் சுற்றி வளைத்துத்தான் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நிகழ்த்துக் கலைஞர் தன்னை இன்னார் என்று அடையாளம் காட்டக் கேட்கும் உரிமை, 2012 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் 38பி பிரிவாகவே வந்துவிட்டது. இதை நான் சொன்னால் பல வித்வான்கள் ஆச்சரியப்படுகிறார்கள். நாகஸ்வரத்தின் நிலை இன்னும் மோசம். அற்புதமான ராக ஆலாபனைகள் 'மங்கள இசை' என்ற ஒற்றைப் பெயரில், ராகமும் இல்லாமல், தவில் யார் என்றும் இல்லாமல், கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கான சரக்காகக் கிடக்கின்றன. நாகஸ்வரத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடியை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பேசிய ஊர் இது.

சரி, பணம். ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 வினாடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2 நிமிஷப் பாட்டுக்கும் அதே ஒன்று, ஒரே ராகத்தை ஆலாபனை, தானம், பல்லவி என்று விரிக்கும் 50 நிமிஷ ராகம் தானம் பல்லவிக்கும் அதே ஒன்று. 2024-லிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பதிவுக்குப் பணமே கிடையாது என்றும் ஆக்கிவிட்டார்கள். கூட்டம் கூட்டமாகக் கேட்கும் பாட்டுக்கு இதெல்லாம் கொசுக்கடி. வருஷத்துக்கு சில நூறு பேர் மட்டும், ஆனால் முழுசாக உட்கார்ந்து கேட்கும் ஒரு பல்லவிக்கு இது கதவடைப்பு. அதனால்தான் இளைய கலைஞர்கள் என்னிடம் வந்து, ராகம் தனி, தானம் தனி, பல்லவி தனி, தனி ஆவர்த்தனம் தனி என்று நறுக்கிப் போடலாமா என்கிறார்கள். போடலாம், வெட்டும் இடம் இயல்பாக நிற்கும் இடமாக இருந்தால். ஆனால் வரிசையைக் கலைத்துப்போட்டுக் கேட்கும் வசதியில் (ஷஃபிள்) உங்கள் ஆலாபனை ஒரு பக்கமும் கிருதி இன்னொரு பக்கமும் போய், நடுவில் வேறு யாரோ துக்கடா (சின்னப் பாட்டு) பாடுவார்கள். நறுக்கினால் ஒவ்வொரு துண்டின் பெயரிலும் ராகத்தையும் வரிசை எண்ணையும் போட்டே ஆக வேண்டும்.

மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் இதே தொல்லைதான், அவர்கள் அதைச் சரிசெய்துகொண்டார்கள். பீத்தோவனின் ஒரே சிம்ஃபொனிக்கு எத்தனையோ பதிவுகள், ஒவ்வொன்றிலும் நாலு பகுதிகள், வேறு வேறு ஆர்கெஸ்ட்ரா. ஆப்பிள் 2021-ல் பிரைம்போனிக் என்ற சேவையை வாங்கி, 2023 மார்ச்சில் கிளாசிக்கல் இசைக்கென்றே தனி ஆப் கொண்டுவந்தது. இயற்றியவர், படைப்பு, நடத்துநர், ஆர்கெஸ்ட்ரா என்று எப்படி வேண்டுமானாலும் தேடலாம். அதனால் அங்கே பாப் கேட்பவர்களுக்கு அவமானமா நேர்ந்துவிட்டது? அதே மாதிரி ராகம், தாளம், வாக்கேயக்காரர் (பாட்டை இயற்றியவர்), பக்கவாத்தியம், இடம், வருஷம் என்று கட்டங்கள் இருக்கும் ஓர் அலமாரிதான் நான் கேட்கும் தனி இடம். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக் கேட்கலாம். சொல்லப்போனால் புதிதாகக் கேட்க வருபவருக்குத்தான் அது அதிகம் உதவும், பழைய ரசிகருக்கு எப்படியும் மனப்பாடம்.

அந்த அலமாரி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். பதிவு போடும் கலைஞர்களே, இயற்றியவர் கட்டத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். தியாகராஜ கிருதிக்கு இயற்றியவர் தியாகராஜர்தான். அவர் காலமானது 1847, உரிமை கேட்டு யாரும் வரப்போவதில்லை. இங்கே சட்டப்படி இயற்றியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973 என்பதால் அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு, அனுமதி கேட்க வேண்டும். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் இயற்றிய தில்லானாக்களுக்கு (துள்ளலான தாளப் பாட்டுகள்) இன்னும் நீண்ட காலம் இருக்கிறது.

யூடியூபில் நீங்களே பாடிய, தியாகராஜர் காலத்தவரான முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிக்கு, இது எங்களுடையது என்று ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரில் தானியங்கி அறிவிப்பு வந்தால் பயந்து வீடியோவை எடுத்துவிடாதீர்கள். இயந்திரம் மெட்டு ஒத்துப்போவதைப் பார்த்துச் சொல்கிறது, அதற்கு தீட்சிதரைத் தெரியாது. பாட்டு பொதுச் சொத்து, பாடியதும் வாசித்ததும் நாங்கள், ஒலிப்பதிவும் எங்களுடையது என்று மறுப்புத் தெரிவியுங்கள். பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள், விளம்பர வருமானம் வேறு பக்கம் போகிறது. ஆனால் பின்னால் ஓடும் தாள வாத்தியமோ கீபோர்டோ வேறு யாருடைய பதிவிலிருந்தாவது எடுத்தது என்றால் மறுக்க முடியாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராகத்தின் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள்; ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலைப் பிடித்தீர்களோ அதையே கடைசிவரை பிடியுங்கள். வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, தம்புரா போட்டவர் வரை பெயர் எழுதுங்கள். ஆப் காட்டாவிட்டாலும் அனுப்பும் விவரத்தில் இருக்கட்டும், ஒருநாள் காட்டும்.

வீட்டில் தாத்தா சேர்த்துவைத்த கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒலியை மட்டும் மாற்றிவிட்டு அட்டையைக் குப்பையில் போடாதீர்கள், இருபக்கமும் போட்டோ எடுத்து அந்தக் கோப்போடு வையுங்கள். அட்டையில் ராகம் இல்லையென்றால், ஆபேரி மாதிரி இருக்கிறதே என்று குத்துமதிப்பாக எழுதவேண்டாம், காலியாகவே விடுங்கள். காலி இடத்தைத் தெரிந்தவர் ஒருவர் நிரப்புவார். தப்பான பெயர் ஒருமுறை ஏறிவிட்டால், அதைப் பார்த்து நாலு பேர் நகலெடுப்பார்கள், அப்புறம் அதைத் திருத்துவதற்கு ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.